கணக்கில் விடை மட்டும் போதாது – வழியையும் எழுதுவோம்!



"மத்தப் பாடமெல்லாம் பரவாயில்லைங்க, கணக்குதான் மண்டையில ஏற மாட்டேங்குது." தரம் 10, 11 படிக்கும் பிள்ளை இருக்கும் எந்த லயத்து வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பிள்ளை சொல்லும். தாயும் சொல்வார். சில வேளை, "எங்க பரம்பரைக்கே கணக்கு வராதுங்க" என்று தகப்பனும் சேர்ந்து சொல்லிவிடுவார்.

இந்தப் பேச்சு சாதாரணமானதல்ல. க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ், சமயம், வரலாறு என்று எல்லாவற்றிலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளைகூட, கணிதம் ஒன்றால் வழியில் நின்று விடுகிறது. அரச வேலைக்கும் பயிற்சிக்கும் வரும் விளம்பரங்களைப் பாருங்கள். "மொழியும் கணிதமும் உட்பட" என்ற சொற்கள் பலவற்றில் இருக்கும். அந்த ஒரு பாடம் இல்லாததால் விண்ணப்பப் படிவத்தைக்கூட நிரப்ப முடியாமல் போகிற பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வருகிறோம். கணக்குச் செய்வதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஒரு வரிக்கு ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு காரணம், இப்படிப் படிபடியாக எழுதுகிற பழக்கம்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தை அட்சரகணிதத்தில் மூன்று கணக்கும் கேத்திரகணிதத்தில் இரண்டு கணக்கும் செய்து காட்டுகிறோம். ஒரு பென்சிலும் பழைய கொப்பியும் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

வழிக்கும் புள்ளி உண்டு

கணித வினாத்தாள் இரண்டில், பொருத்தமான படிமுறைகளையும் சரியான அலகுகளையும் எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் பலர் அதை வாசிப்பதில்லை. படிமுறை என்றால் விடைக்கு வந்த வழி. அந்த வழிக்குப் புள்ளி இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை மனதுக்குள்ளே கணக்குப் போட்டு, கடைசியில் "9" என்று மட்டும் எழுதுகிறது. சரியான விடை 8. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. மற்றப் பிள்ளை சமன்பாட்டைச் சரியாக எழுதி, இரண்டு மூன்று வரி ஒழுங்காகச் சுருக்கி, கடைசி வரியில் மட்டும் தவறி அதே "9" என்று எழுதுகிறது. பரீட்சகர் அந்த முதல் வரிகளுக்குரிய புள்ளிகளைக் கொடுப்பார். இருவரும் எழுதிய விடை ஒன்றுதான். ஆனால் ஒருவர் வெறுங்கையோடு போகிறார், மற்றவர் சித்திக்கு வேண்டிய புள்ளியைச் சேர்த்துக்கொண்டு போகிறார்.

இஸ்டோரில் தேயிலை எப்படித் தயாராகிறது என்பது நமக்குத் தெரியும். கொழுந்தை வாட்டுகிறார்கள், அரைக்கிறார்கள், பதமாக நொதிக்க வைக்கிறார்கள், காய வைக்கிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். வாட்டாத கொழுந்தை அரைத்தால் தூள் கெட்டுப்போகும். கணக்கும் இதே மாதிரிதான். ஒரு படியை விட்டுத் தாண்டினால் அடுத்த படி கெடும்.

நான்கு படிகள்

ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் போல்யா என்ற கணித அறிஞர், கணக்குகளை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றியே 1945ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் காட்டிய வழி நான்கு படிகள் கொண்டது. நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

1. என்ன கேட்கிறார்கள், என்ன தந்திருக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்.
2. தந்ததிலிருந்து கேட்டதற்குப் போக எந்த வழி என்று யோசி.
3. அந்த வழியில் ஒரு வரிக்கு ஒரு வேலையாகச் செய்.
4. வந்த விடையைத் திரும்பக் கணக்கில் போட்டுப் பார்.

நான்காவது படியைத்தான் நம் பிள்ளைகள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். அது ஒரு நிமிட வேலை. ஆனால் பிழையைப் பரீட்சகர் கண்டுபிடிக்கும் முன்னே நாமே கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

முதலாவது கணக்கு: மூன்று நிறுவை

ஒரு அக்கா பகல் நிறுவையில் கொடுத்த கொழுந்து, காலை நிறுவையைவிட 4 கிலோ கூட. அந்தி நிறுவையில் கொடுத்தது, காலை நிறுவையில் பாதி. அன்று மொத்தம் 24 கிலோ. காலையில் எத்தனை கிலோ?

கேட்பது காலைக் கொழுந்து. அது எத்தனை என்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒரு பெயர் வைப்பதுதான் அட்சரகணிதத்தின் முதல் வேலை. பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். நாம் இங்கே 'க' என்று வைக்கிறோம். எழுத்து எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரிதான் இதுவும். பேர் மாறினால் பிள்ளை மாறாது.

காலை = க கிலோ
பகல் = க + 4 கிலோ
அந்தி = க/2 கிலோ

மூன்றும் சேர்ந்தால் 24. ஆகவே:

க + (க + 4) + க/2 = 24

கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டது. இதற்குப் பிறகு பயப்பட ஒன்றுமில்லை. பின்னம் இருப்பதால் முழுவதையும் 2ஆல் பெருக்குவோம்:

2க + 2க + 8 + க = 48
5க + 8 = 48
5க = 40 (இரண்டு பக்கமும் 8ஐக் கழித்தோம்)
க = 8 (இரண்டு பக்கத்தையும் 5ஆல் வகுத்தோம்)

காலையில் 8 கிலோ. இனிச் சரிபார்ப்போம். காலை 8, பகல் 12, அந்தி 4. கூட்டினால் 24. சரி.

பின்னத்தைப் போக்கப் பெருக்கும்போது ஒரு எச்சரிக்கை. பெருக்கினால் எல்லா உறுப்பையும் பெருக்க வேண்டும். நடுவில் இருக்கும் 4ஐ மறந்து அப்படியே விட்டால் 5க + 4 = 48 என்று வரும். அதைத் தீர்த்தால் க = 8.8 என்று வந்து, சரிபார்க்கும்போது 26 கிலோ என்று கூடிவிடும். அந்த இடத்திலேயே பிழை பிடிபட்டுவிடும்.

"பக்கம் மாறினால் குறி மாறும்" – ஏன்?

பிள்ளைகள் இந்த வசனத்தைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் மாறுகிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் 3க = 12 என்று வந்தால், 3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் க = 12 − 3 = 9 என்று எழுதுகிற பிழை அடிக்கடி நடக்கிறது.

கடையிலுள்ள இரண்டு தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சமன்பாடு என்றால் இரண்டு தட்டும் சமமாக நிற்கிறது என்று பொருள். ஒரு தட்டில் என்ன செய்தாலும் மற்றத் தட்டிலும் அதையே செய்தால்தான் தராசு சமமாக நிற்கும். இந்தத் தட்டில் 8ஐ எடுத்தால் அந்தத் தட்டிலும் 8ஐ எடுக்க வேண்டும். அதைத்தான் சுருக்கமாக "பக்கம் மாறிக் குறி மாறியது" என்கிறோம். உண்மையில் எதுவும் பக்கம் மாறவில்லை.

3க = 12 என்றால் ஒரு தட்டில் மூன்று 'க' இருக்கின்றன, மறு தட்டில் 12. ஒரு 'க' எவ்வளவு என்று அறிய 12ஐ மூன்றாகப் பங்கு போட வேண்டும். ஆகவே க = 4. கூட்டியிருப்பதைக் கழித்து எடுக்க வேண்டும். பெருக்கியிருப்பதை வகுத்து எடுக்க வேண்டும். இந்த ஒன்று விளங்கினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இதே தராசு சம்பளத் துண்டைப் பார்க்கவும் உதவும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம். ஒரு மாதம் ரூ. 2,400 பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை ரூபாய் உழைப்புக்கு அது பிடிக்கப்பட்டது? உழைப்பை 'க' என்று வைத்தால்:

8க/100 = 2,400
8க = 2,40,000
க = 30,000

அந்த மாதம் சேமலாப நிதிக்குக் கணக்கில் எடுத்த உழைப்பு ரூ. 30,000. நிர்வாகம் போட வேண்டிய 12 வீதம் ரூ. 3,600. இரண்டும் சேர்ந்து உங்கள் பேரில் ரூ. 6,000 போக வேண்டும். தரம் 11 படிக்கும் பிள்ளையிடம் சம்பளத் துண்டைக் கொடுத்து இந்தக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பயிற்சி, உங்களுக்குத் தெளிவு.

இரண்டாவது கணக்கு: கொப்பியும் பேனையும்

தெரியாதவை இரண்டு இருந்தால் சமன்பாடும் இரண்டு வேண்டும். இவற்றை ஒருங்கமை சமன்பாடுகள் என்பார்கள். பெயர்தான் பெரிது.

ஒரு பிள்ளை 3 கொப்பியும் 2 பேனையும் வாங்கி ரூ. 460 கொடுத்தது. இன்னொரு பிள்ளை அதே கடையில் அதே வகையில் 2 கொப்பியும் 1 பேனையும் வாங்கி ரூ. 290 கொடுத்தது. ஒரு கொப்பி என்ன விலை? ஒரு பேனை என்ன விலை?

கொப்பியின் விலை 'க', பேனையின் விலை 'ப' என்று வைப்போம்.

3க + 2ப = 460 ........ (1)
2க + ப = 290 ........ (2)

இரண்டாவது பிள்ளை அதே சாமானை இரண்டு தரம் வாங்கியிருந்தால்? 4 கொப்பி, 2 பேனை, ரூ. 580.

4க + 2ப = 580 ........ (3)

இப்போது (1)இலும் (3)இலும் பேனை இரண்டிரண்டு. (3)இலிருந்து (1)ஐக் கழித்தால் பேனை போய்விடும். மிஞ்சுவது ஒரு கொப்பி மட்டும்.

க = 580 − 460 = 120

இதை (2)இல் போட்டால் 240 + ப = 290. ஆகவே ப = 50.

சரிபார்ப்போம்: 3 கொப்பி ரூ. 360, 2 பேனை ரூ. 100, மொத்தம் ரூ. 460. சரி. (2)ஐக் கொண்டு பேனை விலையைக் கண்டதால், சரிபார்க்க (1)ஐ எடுத்துக்கொண்டோம். இதையும் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சமன்பாடுகளுக்கு (1), (2), (3) என்று இலக்கம் போடுவதும், எதிலிருந்து எதைக் கழித்தோம் என்று எழுதுவதும் முக்கியம். பரீட்சகர் உங்கள் பின்னாலேயே நடந்து வருகிறார். வழியில் அடையாளம் வைத்தால்தான் அவருக்கு வழி தெரியும்.

மூன்றாவது கணக்கு: கீரைப் பாத்தி

லயத்துக்குப் பக்கத்தில் செவ்வக வடிவில் ஒரு கீரைப் பாத்தி. நீளம், அகலத்தைவிட 10 அடி கூட. பரப்பளவு 39 சதுர அடி. அகலம் எவ்வளவு?

அகலம் 'க' அடி என்றால் நீளம் க + 10 அடி. பரப்பளவு:

க × (க + 10) = 39
க² + 10க = 39

இது இருபடிச் சமன்பாடு. பிள்ளைகள் கண்டதும் பேனையை வைத்துவிடுகிற இடம் இதுதான். ஆனால் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. கி.பி. 820 அளவில் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் தம் நூலில் செய்துகாட்டிய சமன்பாடு இதேதான். அந்த நூலின் பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் அல்ஜிப்ரா என்ற பெயரே வந்தது. அவர் காலத்தில் எக்ஸும் இல்லை, சமன் அடையாளமும் இல்லை. சமன் அடையாளம் 1557ஆம் ஆண்டில்தான் ரொபர்ட் ரெக்கோட் என்பவரின் நூலில் வந்தது. அல்-குவாரிஸ்மி எல்லாவற்றையும் வசனமாகவே எழுதி, படம் கீறி விளக்கினார். நாமும் கீறிப் பார்ப்போம்.

பாத்தியின் ஒரு முனையில் க அடிக்குக் க அடி ஒரு சதுரம் பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10 அடி நீளமும் க அடி அகலமும் உள்ள ஒரு துண்டு. அந்தத் துண்டை நடுவில் வெட்டி, 5 அடி நீளமான இரண்டு துண்டாக்குங்கள். ஒரு துண்டைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும், மற்றத் துண்டைத் திருப்பிச் சதுரத்தின் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுங்கள். இப்போது ஒரு பெரிய சதுரம் மாதிரித் தெரிகிறது. ஆனால் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அந்த மூலை 5க்கு 5, அதாவது 25 சதுர அடி.

மூலையை நிரப்பினால் முழுப் பரப்பளவு 39 + 25 = 64 சதுர அடி. 64 என்பது 8 × 8. பெரிய சதுரத்தின் ஒரு பக்கம் க + 5. ஆகவே:

க + 5 = 8
க = 3

அகலம் 3 அடி, நீளம் 13 அடி. சரிபார்ப்போம்: 3 × 13 = 39. சரி.

வகுப்பில் காரணிப்படுத்தும் முறையில் செய்தால் இப்படி வரும்:

க² + 10க − 39 = 0
(க + 13)(க − 3) = 0
க = −13 அல்லது க = 3

இங்கே ஒரு வரி எழுத மறக்க வேண்டாம்: "அகலம் மறை எண்ணாக இருக்க முடியாது; ஆகவே க = 3." பாத்திக்கு −13 அடி அகலம் கிடையாது. எந்த விடையை ஏன் தள்ளினோம் என்று காரணம் சொல்வதும் கணக்கின் ஒரு பகுதி.

கேத்திரகணிதம்: ஒவ்வொரு வரிக்கும் காரணம்

சம்பளத் துண்டில் ஒரு பிடிப்பனவு இருந்தால், "இது எதுக்குப் பிடிச்சது?" என்று கேட்கிறோம். காரணம் எழுதாத பிடிப்பனவை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். கேத்திரகணிதமும் அதையே கேட்கிறது. ஒரு கோணம் 70 பாகை என்று எழுதினால், ஏன் 70 என்று பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணமில்லாத வரிக்கு முழுப் புள்ளி கிடைப்பது கஷ்டம்.

நான்காவது கணக்கு: அஆஇ ஒரு முக்கோணி. அஆ = அஇ. ஆஇ என்ற பக்கம் ஈ வரை நீட்டப்பட்டிருக்கிறது. கோணம் அஇஈ = 110 பாகை. கோணம் ஆஅஇ எவ்வளவு?

முதலில் படத்தைக் கீறுங்கள். லயத்துக் கூரையின் முன்பக்க முக்கோணம் மாதிரி, உச்சியில் அ, கீழே இடப்பக்கம் ஆ, வலப்பக்கம் இ. அடிக்கோட்டை வலப்பக்கமாக ஈ வரை நீட்டுங்கள். சமமான இரண்டு பக்கங்களிலும் சிறு கோடு போட்டு அடையாளம் வையுங்கள். 110ஐ அதன் இடத்தில் எழுதுங்கள். தரவு முழுவதும் படத்துக்கு வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

கோணம் அஇஆ = 180 − 110 = 70 பாகை. காரணம்: நேர்கோட்டில் அடுத்துள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை.

கோணம் அஆஇ = 70 பாகை. காரணம்: அஆ = அஇ; சமமான பக்கங்களுக்கு எதிரேயுள்ள கோணங்கள் சமம்.

கோணம் ஆஅஇ = 180 − (70 + 70) = 40 பாகை. காரணம்: முக்கோணியின் அகக் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை.

சரிபார்க்க வேறொரு விதி இருக்கிறது. முக்கோணியின் புறக்கோணம், எதிரேயுள்ள இரண்டு அகக் கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். 40 + 70 = 110. சரி.

பாருங்கள், மூன்றே வரி, மூன்றே காரணம். கேத்திரகணிதத்தில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் அதிகமில்லை. ஒரு தாளில் அவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால், ஒரு மாதத்தில் பிள்ளைக்குத் தானாகவே வாயில் வரும்.

ஐந்தாவது கணக்கு: அறையின் மூலை மட்டம்

12 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள ஓர் அறைக்கு அத்திவாரம் வெட்ட முளை அடித்திருக்கிறார்கள். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால், மூலைக்கு மூலை குறுக்காக எத்தனை அடி இருக்க வேண்டும்?

நீளம், அகலம், குறுக்குக் கோடு மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணி. குறுக்குக் கோடு அதன் செம்பக்கம். அதை 'க' என்று வைத்தால், பைதகரசின் தேற்றப்படி:

க² = 12² + 9²
க² = 144 + 81
க² = 225
க = 15

குறுக்காக 15 அடி இருக்க வேண்டும். இரண்டு குறுக்கையும் அளந்து இரண்டும் 15 அடி வந்தால் மூலை மட்டம் சரி. ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருந்தால் அறை கோணலாகிவிட்டது என்று பொருள். நூல் கட்டி 3 அடி, 4 அடி, 5 அடி என்று மூலை பார்க்கும் மேசன்மாரும் இதே தேற்றத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். 9 என்பது 3 தரம் 3, 12 என்பது 3 தரம் 4, 15 என்பது 3 தரம் 5. "எங்களுக்குக் கணக்கு வராது" என்று சொல்கிற வீட்டில், அத்திவாரத்துக்கு மூலை மட்டம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கலாம். அவரிடம் பிள்ளையை அனுப்பி, நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நாங்க அஞ்சாம் வகுப்புக்கு மேல போகல. எங்களுக்கு என்னா தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குத் தெரியாத தாய் தகப்பனும் பிள்ளைக்கு உதவ முடியும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும்.

"என்னா கேட்டிருக்கான்? உன் சொல்லுல சொல்லு." பிள்ளையால் சொல்ல முடியாவிட்டால், கணக்கை இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

"இந்த வரியிலருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்த?" ஒவ்வொரு வரியாகக் கையை வைத்துக் கேளுங்கள். பிள்ளை தடுமாறுகிற வரியில்தான் பிழை இருக்கும். பெரும்பாலும் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

"விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தியா?" இதைக் கேட்க எந்தப் படிப்பும் தேவையில்லை.

இன்னும் சில விஷயங்கள். இப்போது கைத்தொலைபேசியில் கணக்கைப் படம் பிடித்தால் விடையும் வழியும் வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் தொலைபேசி வராது. ஆகவே வழியைப் பார்த்த பிறகு தொலைபேசியை மூடி வைத்துவிட்டு, அதே கணக்கை வெறும் தாளில் மறுபடியும் தானாகச் செய்ய வேண்டும். செய்ய முடிந்தால்தான் அது பிள்ளையின் சொந்தக் கணக்கு.

ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும். வாரக் கடைசியில் இருபது கணக்கு செய்வதைவிட, தினமும் இரண்டு செய்வது மேல். கடந்தகால வினாத்தாள்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். விளங்காத கணக்கைக் கொப்பியில் அடையாளம் வைத்து, அடுத்த நாளே ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் வீட்டு வேலை முடிந்த பிறகல்ல, வெளிச்சமும் தெம்பும் இருக்கிற நேரத்திலேயே கணக்குச் செய்ய இடம் கொடுங்கள். பிழை விட்டால் திட்டவேண்டாம். பிழையான வரியை அழிக்காமல், ஒரு கோடு போட்டு வெட்டி, கீழே சரியானதை எழுதட்டும். பிழை எங்கே வந்தது என்று பிறகு பார்க்க அது உதவும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. தகப்பனின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. இன்னும் 12 வருடத்தில் இரண்டு மடங்காக இருக்கும். இப்போது இருவரின் வயது என்ன?

2. ஒரு கடையில் 1 கிலோ மாவும் 2 கிலோ சீனியும் ரூ. 680. 2 கிலோ மாவும் 1 கிலோ சீனியும் ரூ. 640. ஒரு கிலோ மாவு, ஒரு கிலோ சீனி தனித்தனியே என்ன விலை?

3. ஒரு பாத்தியின் நீளம் அகலத்தைவிட 6 அடி கூட. பரப்பளவு 40 சதுர அடி. அகலம் எவ்வளவு? படம் கீறியும் செய்து பாருங்கள்.

4. ஓர் இருசமபக்க முக்கோணியின் உச்சிக் கோணம் 100 பாகை. மற்ற இரண்டு கோணங்கள் எவ்வளவு? காரணம் எழுதுக.

5. 13 அடி நீளமான ஏணி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏணியின் அடி, சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. ஏணி எத்தனை அடி உயரத்தில் சுவரைத் தொடும்?

விடைகள்: (1) மகன் 12, தகப்பன் 36. (2) மாவு ரூ. 200, சீனி ரூ. 240. (3) 4 அடி. (4) ஒவ்வொன்றும் 40 பாகை. (5) 12 அடி.

விடையை இங்கேயே தந்துவிட்டோம் என்று பார்க்கிறீர்களா? விடை தெரிந்தால் கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த விடைக்குப் போகும் வழியைப் படிபடியாக எழுதுவதுதான் உங்கள் வேலை. எழுதிய வழியைப் பாடசாலை ஆசிரியரிடம் காட்டுங்கள். தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கே நன்றாக விளங்கும்.

பரம்பரைக்கே வராத கணக்கு என்று எதுவும் கிடையாது. கொழுந்தைக் கிலோவாகவும் காணியைப் பேர்ச்சாகவும் கடனைத் தவணையாகவும் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள் நாம். அந்தக் கணக்கைத் தாளில் வரி வரியாக எழுதப் பிள்ளைகளைப் பழக்குவோம். சாதாரண தரப் பெறுபேற்றில் கணிதத்துக்கு நேரே ஒரு சித்தி வரட்டும்!